கரண்டு போனால் அழும் வீடு

“பொணம் கூடத்துல கெடக்குது. இவ உள்ள பூந்து துன்னுக்கினு கீறா. நான் பொய் சொல்றனா? கேளு, உன் பொண்டாட்டியவே கேளு.”

“பசிச்சிருக்கும், துன்னிருப்பா. அதுக்குத் தெருவே கேக்கற மாதிரி கத்தணுமாம்மா?”

“கேக்கட்டும். நல்லா கேக்கட்டும்.”

கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். அம்சவேணி குரலை உயர்த்தினால், தறி ஓடாத நேரமாக இருந்தால், ஏகாம்பரகுப்பம் ரயில்வே கேட் வரைக்கும் கேட்கும். அவள் பொய் சொல்லவில்லை. இதை எழுதும் நானும் சொல்லப் போவதில்லை. பேய்க் கதை என்றால் நாலு முழம் நீட்டுவார்கள் என்று உங்களுக்குச் சந்தேகம் இருக்கும். நகரிப் பக்கம் வந்து எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். எல்லோரும் சொல்வார்கள். யாராவது வந்து கேட்க மாட்டார்களா என்றுதான் காத்திருக்கிறார்கள்.

விஷயம் இதுதான். ஆடி முதல் வெள்ளிக்கிழமை காலையில் அம்சவேணியின் கணவர் கோவர்த்தனன், மாந்தோப்பில் மோட்டார் போட்டுவிட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தினார்கள். அம்சவேணி மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். மகன் மோகன்ராஜ் சுவரில் முட்டிக்கொண்டு அழுதான். நாங்களும் எங்களால் ஆனதை அழுதோம். எதிர்வீட்டு யசோதா அழுது தொண்டை வறண்டு, தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போனாள். போனவள் குடிக்காமலே திரும்பி வந்தாள்.

உள்ளே மருமகள் கன்னிகா, முந்தின நாள் சோற்றுப் பானையைக் காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். குழம்பு இல்லை. ஊறுகாய் இல்லை. வெறும் சோறு. பிணம் எடுக்கும்வரை அடுப்பு மூட்டாத ஊர் எங்களுடையது. காபி குடிப்பதென்றால்கூட நாலு வீடு தள்ளிப் போய்க் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து அழுவோம்.

கன்னிகாவின் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அதுவும் யாருக்கு? கோவர்த்தனன் தோப்பிலிருந்து வந்ததும் கேட்கும் முதல் கேள்வியே, “கன்னிகா துன்னுச்சா?” என்பதுதான். தன்னைப் பற்றி அந்த மனிதர் அப்படி ஒரு நாளாவது கேட்டதாக அம்சவேணிக்கு நினைவில்லை. கோபத்தில் அதுவும் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம்.

பால் ஊற்றிவிட்டு வந்த அன்று நடந்த சண்டைதான் மேலே சொன்னது. மகனிடம் கத்தி முடித்ததும் அம்சவேணி மருமகள் பக்கம் திரும்பினாள்.

“ஏன்மே, உனக்கு துக்கமே இல்லியா?”

கன்னிகா யோசித்தாள். நடிப்பில்லை, நிஜமாகவே யோசித்தாள். வீட்டுக்குள் எங்கேயோ வைத்த சாவியைத் தேடுகிறவள் மாதிரி.

“தெரில அத்த. பசிச்சுது.”

“கேட்டுக்கினியாடா? காரியம் முடியட்டும். இவள இட்டுக்கினு போயி, காளஹஸ்தில அவ அத்த வூட்லயே வுட்டுட்டு வா. கொழந்த இங்க இருக்கட்டும். இவகிட்ட வளர வேணாம்.”

குழந்தை என்றது நாலு வயது சின்னியை. கன்னிகா மகளைப் பார்த்தாள். மாமியாரைப் பார்த்தாள். வயிற்றை ஒருமுறை தடவினாள்.

“பசிக்குது,” என்றாள்.

அவளுக்கு எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வார்த்தைதான். ரேணிகுண்டா பக்கம் செல்போன் கம்பெனியில் வேலை பார்க்கும் மோகன்ராஜ், ஷிஃப்ட் முடிந்தும் ஒரு ராத்திரி வீடு திரும்பாதபோது அவளுக்குப் பசித்தது. நாய் துரத்தினபோது பசித்தது. உறவுப் பெண்கள் கேலி பேசினபோது பசித்தது. சின்னி பிறக்கப் போகிற அன்று விடியற்காலையில் வந்து பசிக்கிறது என்றாள். அம்சவேணி இட்லி வைத்துக் கொடுத்தாள். நாலாவது இட்லியில் பனிக்குடம் உடைந்தது. புத்தூர் ஆஸ்பத்திரி இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்திருந்தால் ஆட்டோவிலேயே பெயர் வைத்திருப்போம்.

ஒருமுறை திருப்பதியில் டாக்டரிடமும் காட்டினார்கள். அவர் தெலுங்கில், என்ன செய்கிறது என்று கேட்டார். “ஆகலி” என்றாள் கன்னிகா. தெலுங்கிலும் பசிதான். டாக்டர் கேஸ் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அம்மா செத்துப்போய், அப்பா எங்கோ கட்டட வேலைக்குப் போய்விட, காளஹஸ்தியில் அப்பாவின் அக்கா ஸ்வர்ணலதா வீட்டில் வளர்ந்த பெண். பெண் பார்க்கப் போனபோது ஸ்வர்ணலதா சொன்னாளாம்: “பொண்ணு அழாது, அடம் புடிக்காது. சின்ன வயசுலயே அப்டி பழக்கிட்டன்.” எல்லோருக்கும் ரொம்பப் பிடித்துப்போயிற்று. எப்படிப் பழக்கினாய் என்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் ஊரில் விடிந்தால் விசைத்தறிச் சத்தம். பக்கத்தில் நிற்பவர் பேசுவதே பாதிதான் காதில் விழும். கரண்டு போனால்தான் ஊருக்குக் காது வரும். அந்த ஆடியில் புதுக் கம்பி இழுக்கிறோம் என்று மதியத்தில் கரண்டை நிறுத்திக்கொண்டிருந்தார்கள்.

துக்கம் நடந்து ஒரு வாரம் இருக்கும். மதியம் பன்னிரண்டே கால். தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அம்சவேணி கூடத்தில் படுத்திருந்தாள்.

ஒரு குழந்தை அழுதது.

சின்னிதான் என்று நினைத்து அவள் புரண்டு படுத்தாள். பிறகுதான் உறைத்தது. சின்னி அங்கன்வாடிக்குப் போயிருக்கிறாள்.

எழுந்து அடுக்களைக்குப் போனாள். கன்னிகா தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். வாய் நிறையச் சோறு. அழுகை நின்றுவிட்டிருந்தது.

“இன்னாமே, யாரு அழுதது?”

“யாரும் இல்லியே அத்த.”

கரண்டு வந்தது. தறிகள் கிளம்பின. அன்றைக்கு அவ்வளவுதான்.

மறுநாள் யசோதாவுக்குக் கேட்டது. அதற்கடுத்த நாள் எனக்கு. பிறகு கரண்டு போனதும் வாசலில் வந்து நிற்பது தெருவுக்கே பழக்கமாகிவிட்டது. சிலர் முன்கூட்டியே சமையலை முடித்துவிட்டு வந்தார்கள்.

அது சாதாரணமாகக் குழந்தை அழுகிற மாதிரி இல்லை. அழும்… நடுவில் தடைப்படும்… ஏதோ விழுங்குகிற சத்தம்… மறுபடி அழும். ஏதோ சொல்லவும் சொல்லும். என்னவென்று பிடிபடாது.

“வாய்ல சோத்த வெச்சிக்கினு அழுவற மாதிரி கீதுக்கா,” என்றாள் யசோதா. அதன் பிறகு ஒரு வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்கு அது நல்லதுதான் என்று தெருவில் பேசிக்கொண்டோம்.

செத்த வீட்டில் சோறு தின்றதால் கோவர்த்தனன்தான் சாந்தி இல்லாமல் அழுகிறார் என்று அம்சவேணி நம்பினாள். நாயுடுபேட்டையிலிருந்து கங்கையா என்ற மந்திரக்காரரை வரவழைத்தாள். அவர் எலுமிச்சம்பழம், கற்பூரம், வேப்பிலை எல்லாம் பரப்பிக்கொண்டு பெரிய ஆள் மாதிரிதான் உட்கார்ந்தார். கரண்டு போயிற்று. அழுகை கேட்டது. கங்கையா தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு பரப்பியதையெல்லாம் திரும்பப் பைக்குள் போட ஆரம்பித்தார்.

“இன்னா சாமி, எழுந்துட்ட?”

“செத்தவங்க அழுதா எனக்குத் தெரியும்மா. இது செத்தது இல்ல.”

“பின்ன இன்னா?”

“உசுரோட கீது,” என்றார். கொடுத்த தட்சணையைக்கூட வாங்காமல் போய்விட்டார். தட்சணை வாங்காத மந்திரக்காரரை நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. பயம் எங்களுக்கு அப்போதுதான் சரியாகப் பிடித்தது.

காரியம் முடிந்த மறுநாள் சின்னி தெருவில் ஓடிவந்து ஜல்லியில் விழுந்தாள். முழங்கால் பிளந்து ரத்தம் ஒழுகியது. நாங்கள் நாலு பேர் ஓடினோம். குழந்தை எழுந்து நின்றது. அழவில்லை. உதடுகூடக் கோணவில்லை. பாட்டியை நிமிர்ந்து பார்த்தது.

“ஆயா, பசிக்குது.”

அம்சவேணியின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். தூக்கிக்கொண்டு உள்ளே போனவள் அன்று ராத்திரியே மகனிடம் முடிவாகச் சொல்லிவிட்டாள். இத்தனை நாள் தட்டிக் கழித்த மோகன்ராஜும் மகளின் முழங்காலைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் அவனுக்கு லீவு. அன்றைக்குக் கன்னிகாவைக் காளஹஸ்தியில் விட்டுவிட்டு வருவது என்று ஆயிற்று. சின்னி இங்கேயே இருப்பாள்.

கன்னிகாவிடம் சொன்னார்கள். தலையாட்டினாள். தன் புடவைகளை மடித்துப் பையில் வைத்தாள். சின்னியின் கவுன் ஒன்றையும் அடியில் வைத்தாள். அம்சவேணி அதை எடுத்து வெளியே போட்டாள். கன்னிகா அடுக்களைக்குப் போனாள்.

இனி சொல்வது அம்சவேணி வாயால் கேட்டது. மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் ஒரே மாதிரி சொன்னாள். பொய் என்றால் இரண்டாம் முறையே கொஞ்சம் வளர்ந்திருக்கும்.

கிருத்திகை அன்று எங்கள் பக்கத்தில் தறி ஓடாது. ஊரே திருத்தணிக்குப் போய்விடும். துக்க வீடு என்பதால் அவர்கள் கோயிலுக்குப் போகக்கூடாது. மோகன்ராஜ் ஷிஃப்டுக்குப் போயிருந்தான். சின்னி கூடத்தில் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். மெயின் ரோட்டில் காவடிக்காரர்களின் பம்பைச் சத்தம் மட்டும் கேட்டு, அதுவும் தேய்ந்து போயிற்று.

கரண்டு இருந்தது. ஆனால் ஊரில் ஒரு சத்தமும் இல்லை.

பதினோரு மணிக்கு அழுகை ஆரம்பித்தது.

மற்ற நாட்களில் கரண்டு வந்துவிடும். தறி ஓடி அதை மூடிவிடும். இன்று மூடுவதற்கு ஒன்றும் இல்லை. அம்சவேணி டி.வி.யைப் போட்டாள். சத்தத்தைக் கூட்டினாள். அழுகை டி.வி.க்குப் பின்னாலிருந்து கேட்பது போல இருந்தது. அணைத்தாள். அடுக்களையிலிருந்து கேட்டது.

பதினொன்றரை. நிற்கவில்லை.

பன்னிரண்டு. நிற்கவில்லை.

அவள் எழுந்து அடுக்களை வாசலுக்குப் போனாள்.

இந்த முறை அழுகை நிற்கவில்லை.

கன்னிகா பானைக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அம்சவேணி கதவுக்குப் பின்னால் பார்த்தாள். மேடைக்கு அடியில் பார்த்தாள். குழந்தை இல்லை.

பிறகு கவனித்தாள்.

கன்னிகா ஒரு கவளம் விழுங்கினாள்… அழுகை அமுங்கியது.

பானைக்குள் கையை விட்டாள்… அழுகை மேலே வந்தது.

விழுங்கினாள்… அமுங்கியது.

“கன்னிகா…”

“இன்னா அத்த?”

அவள் பேசும்போதும் அழுகை கேட்டது. கன்னிகாவின் குரலும் கேட்டது. குழந்தையின் குரலும் கேட்டது. இரண்டும் ஒரே இடத்திலிருந்து வந்தன.

கால் வந்திருந்தால் ஓடியிருப்பேன் என்றுதான் அம்சவேணி சொன்னாள். அடுத்த கவளம் வாய்க்குப் போனது. என்ன தோன்றியதோ, எட்டி அந்த மணிக்கட்டைப் பிடித்தாள்.

கை சில்லென்று இருந்தது.

சோறு கீழே விழுந்தது.

அழுகை மேலே ஏறியது. நெஞ்சுக்கு… தொண்டைக்கு…

கன்னிகாவின் வாய் திறந்தது. உதடு அசையவில்லை. ஆனால் வார்த்தை வந்தது. இத்தனை நாள் யாருக்கும் பிடிபடாத வார்த்தை.

“ஏடவனத்தா… ஏடவனு… அன்னம் பெட்டத்தா…”

எங்கள் தெருவில் தெலுங்கு தெரியாதவர் யார்? அழமாட்டேன் அத்தை. அழமாட்டேன். சோறு போடு அத்தை.

அப்பாவின் அக்காவும் அத்தைதான். புருஷனின் அம்மாவும் அத்தைதான். அந்தக் குரல் எந்த அத்தையைக் கூப்பிட்டது என்று அம்சவேணிக்குத் தெரியவில்லை. பதில் சொல்ல அங்கே இருந்தவள் அவள் ஒருத்திதான்.

“அழு,” என்றாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லையாம். “அழுமே. சோறு எங்கியும் போவாது. நான் போடறன். நீ அழு.”



பிறகு அது வெளியே வந்தது.

அடுக்களையின் நடுவில் கேட்டது. வாசற்படியில் கேட்டது. அம்சவேணியின் முழங்கால் உயரத்தில், அவளை உரசிக்கொண்டு, அழுதுகொண்டே போயிற்று. புடவைக் கொசுவம் ஆடியது.

கூடத்தில் போய் நின்றது.

பாயில் சின்னி.

அங்கே கொஞ்ச நேரம் அழுகை இல்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும்…

பிறகு தெருக்கதவு தானாகத் திறந்து, தானாகச் சாத்திக்கொண்டது.

“அத்த,” என்றாள் கன்னிகா. கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். “மூஞ்சில தண்ணி ஊத்துது. இன்னா இது?”

அம்சவேணி மணிக்கட்டை விடவில்லை.

“மாமா இனிமே வரமாட்டாரா அத்த?” என்று கேட்டாள் கன்னிகா.

திருத்தணியிலிருந்து நாங்கள் திரும்பி வந்தபோது அந்த வீட்டில் ஒப்பாரி கேட்டது. இன்னொரு சாவு என்று நினைத்து ஓடினோம். மாமியாரும் மருமகளும் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். துக்கம் விசாரிக்க வந்த உறவெல்லாம் கிளம்பிப் போன பிறகு, கோவர்த்தனனுக்கு மருமகள் அழுதாள். கொஞ்சம் லேட்டுதான்.

அவளைக் காளஹஸ்திக்கு அனுப்பவில்லை. பையை அம்சவேணியே பிரித்து அடுக்கினாள். அதன் பிறகு கன்னிகா எல்லாவற்றுக்கும் அழுதாள். பால் பொங்கினால் அழுதாள். மோகன்ராஜ் ஷிஃப்டுக்குக் கிளம்பினால் அழுதாள். ஒருநாள் என்னிடம் வந்து, “அக்கா, இங்க நெஞ்சுகிட்ட ஒரு மாதிரி புடிக்குது, இதுக்கு இன்னா பேரு?” என்று கேட்டாள். யசோதா மகளுக்குப் புது வண்டி வாங்கியிருந்தார்கள். பொறாமை என்று சொன்னேன். சந்தோஷமாகத் திரும்பிப் போனாள்.

தெருவில் அழுகைச் சத்தம் நின்றது. இதோடு கதை முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன்.

பத்து நாள் கழித்து அம்சவேணி தனியாகக் காளஹஸ்திக்குப் போனாள். சின்ன வயதில் கன்னிகாவை என்ன செய்தாய் என்று ஸ்வர்ணலதாவை நாலு கேள்வி கேட்கத்தான். வீடு பூட்டியிருந்தது. ஸ்வர்ணலதா நாயுடுபேட்டையில் மகன் வீட்டோடு போய்விட்டாளாம். பக்கத்து வீட்டுக் கமலம்மாதான் உட்கார வைத்துப் பேசினாள்.

“ஸ்வர்ணலதா கெட்டவ இல்லம்மா. அடிக்க மாட்டா, சூடு வெக்க மாட்டா. பொண்ணு அழுதா தட்ட எடுத்துடுவா, அவ்ளோதான். அழுவ நிறுத்துனாதான் சோறு. சில நாளு ராத்திரி வரைக்கும் தட்டு வராது.”

“இப்ப ஏன் வூட்ட பூட்டிக்கினு போனா?”

கமலம்மா குரலைத் தாழ்த்தினாள்.

“அந்தப் பொண்ணு கல்யாணம் ஆயி போன மறுநாள்ல இருந்து, அவங்க அடுக்களைல ஒரு கொழந்த அழுதுக்கினே இருந்துதும்மா. வருஷக்கணக்கா. நாங்க எல்லாரும் கேட்டோம். திடீர்னு இந்த ஆடி மொத வெள்ளி அன்னிக்கு நின்னுபோச்சு. ஸ்வர்ணலதா கோயிலுக்குப் போயி வெளக்கு போட்டா. ஆடிக் கிருத்திகை அன்னிக்கு சாயங்காலம் திரும்ப வந்துட்டுது.”

அம்சவேணி எழுந்துவிட்டாள்.

“மொதல்ல ஒண்ணுதான் அழும்,” என்றாள் கமலம்மா. “இப்ப ரெண்டு கொரலு. இன்னொண்ணு அதவிட சின்னது. அது அத்தன்னு கூப்புடல. ஆயா ஆயான்னு கூப்புடுது. அந்த வூட்ல யாரும்மா ஆயா?”

இதை அம்சவேணி என்னிடம் சொன்னதோடு சரி, மகனிடமும் சொல்லவில்லை, மருமகளிடமும் சொல்லவில்லை. ஊருக்குத் திரும்பிய அன்று, யாரும் இல்லாத நேரத்தில், சின்னியை மடியில் உட்கார வைத்துத் தொடையில் கிள்ளினாள். முதலில் மெல்ல. பிறகு நகம் பதிய. குழந்தை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் கையை எடுத்தது அம்சவேணிதான்.

தசரா முடிந்ததும் மோகன்ராஜ் வேலைக்குப் பக்கம் என்று திருப்பதியில் வீடு பார்த்து, கன்னிகாவையும் சின்னியையும் அழைத்துக்கொண்டு போனான். அம்மாவையும் கூப்பிட்டான். பார்க்கலாம் என்றாள். சின்னியை அங்கே ஒரு நர்சரியில் சேர்த்தார்கள். முதல் நாள் புதுப் பிள்ளைகள் எல்லாம் கேட்டைப் பிடித்துக்கொண்டு கதற, இவள் மட்டும் போய் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தாளாம். இவ்வளவு சமர்த்தான குழந்தையை நான் பார்த்ததே இல்லை என்று டீச்சர் பாராட்டியதைக் கன்னிகா போனில் பெருமையாகச் சொன்னாள். அம்சவேணி போனை வைத்தாள்.

தை மாதம் யசோதாவின் சின்ன மகள் சிவசங்கரிக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு இங்கேதான் வேலை. இப்போது அம்சவேணியின் வீட்டில் அவர்கள்தான் வாடகைக்கு இருக்கிறார்கள்.

அம்சவேணி காளஹஸ்திக்குப் போய்விட்டாள். ஸ்வர்ணலதா பூட்டிவிட்டுப் போன வீட்டை வாடகைக்கு எடுத்து, வெள்ளையடித்து, தனியாகக் குடியேறியிருக்கிறாள். ராகு கேது பரிகாரம் என்று ஊரில் சொல்லிவிட்டுப் போனாள். மோகன்ராஜ் நேரில் போய்க் கெஞ்சிப் பார்த்தான்.

“திருப்பதிக்கு வாம்மா. பேத்தி கூட இரு.”

“அங்க கீறவளுக்கு அவ அம்மா கீறா,” என்றாளாம் அம்சவேணி, அடுக்களைப் பக்கம் பார்த்துக்கொண்டு. “இங்க கீறவளுக்கு யார்ரா கீறாங்க?”